கையடக்கச் செலவில் கண்ணிறைந்த கல்யாணம்

ஆடி மாதம் கழிந்து ஆவணி பிறந்த மாத்திரத்தில், தமிழ்நாட்டில் எத்தனை தொழில்கள் ஒருங்கே சோம்பல் முறித்து எழுந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் சற்று ஆச்சரியமாகவே இருக்கும். சிவகாசி அச்சுக்கூடங்களில் கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக இறங்குகின்றன. தோவாளையிலும் மதுரை மாட்டுத்தாவணியிலும் நேற்று நூறுகளில் பேசப்பட்ட மல்லிகை இன்று ஆயிரங்களில் பேசப்படுகிறது. காஞ்சிபுரத்து வீதிகளில் வெளியூர்க் கார்கள் நிற்க இடமின்றித் திணறுகின்றன. ஒரு மாதமாக உறையிலேயே உறங்கிக் கிடந்த நாயனங்களுக்குப் புதுச் சீவாளி தேடப்படுகிறது. இத்தனை குடும்பங்களுக்கு அன்னமிடுகிற ஒரு காரியத்தை ஆடம்பரம் என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஆயினும் கடைசிப் பந்தியும் எழுந்து, வந்தவர்களெல்லாம் தாம்பூலப் பையோடு பஸ் ஏறிப் போன பிறகு, மண்டபத்து அலுவலக அறையில் மின்சார யூனிட்டுக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் கணக்குக் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையில் மிஞ்சிய நோட்டுக்களை மறுபடியும் மறுபடியும் எண்ணிக்கொண்டு நிற்கிற ஒரு தகப்பனார் ஒவ்வொரு முகூர்த்தத்திலும் இருக்கிறாரே, அவரை உத்தேசித்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அவருக்கு என்னால் சொல்லக்கூடியது ஒரே ஒரு விஷயந்தான். கல்யாணத்தின் செலவு பெரும்பாலும் எண்ணிக்கையில் போகிறது. எத்தனை நாள், எத்தனை வேளை, எத்தனை தலை என்ற மூன்று எண்ணிக்கைகளில். கல்யாணத்தின் அழகோ தரத்தில் இருக்கிறது. நல்ல நாயனம், வாடாத பூ, வாய்க்கு ருசியான சாப்பாடு, தூக்கம் கெடாத மணமக்களின் முகக்களை ஆகியவற்றில். பணம் போதவில்லை என்று கண்டதும் நம்மவர்கள் முதலில் கை வைப்பது இந்த இரண்டாவதில். முதலாவதைத் தொடுவதற்கு அஞ்சுகிறார்கள். ஐந்நூறு பேரை அழைத்தாயிற்று, ஆகவே மேளக்காரரை நிறுத்திவிட்டுப் பாட்டு ஒலிப்பதிவைப் போட்டுவிடலாம். மூன்று வேளைச் சாப்பாடு என்று வாக்குக் கொடுத்தாயிற்று, ஆகவே நெய் சேர்க்க வேண்டிய இடத்தில் வனஸ்பதியைச் சேர்த்துவிடலாம் என்று இவ்விதமாகவே யோசனை போகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டால், கையில் இருக்கும் பணத்துக்குள்ளேயே கண்ணிறைந்த ஒரு கல்யாணம் அகப்பட்டுவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு ஆதாரம் வேண்டுவோர் சங்க இலக்கியத்துக்கே போகலாம். அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு கல்யாணத்தை வருணிக்கிறார். உளுந்து சேர்த்துக் குழையச் சமைத்த சோறு, வரிசையாகக் கால்கள் நிறுத்திய குளிர்ந்த பந்தல், அதன் கீழே கொண்டுவந்து பரப்பிய புது மணல், ஏற்றிவைத்த விளக்கு, தொங்கவிட்ட மாலைகள், இருள் நீங்கிய விடியற்காலை. மக்களைப் பெற்ற மங்கையர் நால்வர் கூடி, பூவும் நெல்லும் இட்ட நீரைச் சொரிந்து மணமகளை வாழ்த்துகின்றனர். அவ்வளவே கல்யாணம். இவற்றில் விலைக்கு வாங்கவேண்டிய பொருள் எதுவென்று தேடிப் பார்த்தால் உளுந்தும் எண்ணெயும்கூடச் சந்தேகமாகவே இருக்கின்றன. ஆனாலும் இரண்டாயிரம் வருஷத்துக்கு அப்பால் இருக்கும் நமக்கு அந்தப் பந்தலின் குளிர்ச்சி தெரிகிறது, மணலின் வெண்மை தெரிகிறது. நாளது தேதியில் நடக்கும் கல்யாணம் ஒன்றின் மேடை அலங்காரம், அதை நேரிலே கண்டவருக்கு ஒரு வாரம் கழித்து நினைவிருப்பது அரிது.

சென்ற நூற்றாண்டிலும் இந்தப் பிரச்னையை நம்முடைய பெரியவர்கள் யோசிக்காமல் இல்லை. நான்கு நாளும் ஐந்து நாளுமாக நடந்துவந்த விவாகங்கள் ஒரு நாளாகச் சுருங்கியதற்குப் பஸ்ஸும் ரயிலும் ஆபீஸ் லீவும் காரணம் என்பார்கள். இரண்டாவது உலக யுத்த காலத்து அரிசிப் பங்கீட்டுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் பங்கீடு வருவதற்கு முன்னரே, ஒன்றுக்கொன்று பரம விரோதமான இரு இயக்கங்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே முடிவுக்கு வந்திருந்தன. 1928ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் பெரியார் ஈ.வெ.ராமசாமி முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். 1933ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காந்தியடிகள் 21 நாள் உபவாசம் முடித்து மூன்று வாரங்கூட ஆகாத நிலையில், அவருடைய புதல்வர் தேவதாஸுக்கும் ராஜாஜியின் புதல்வி லட்சுமிக்கும் பூனாவில் கல்யாணம் நடந்தது. ஒன்றில் வைதிகமே இல்லை. மற்றொன்றில் அது இருந்தது. ஒன்று சாதியையும் புரோகிதத்தையும் சாடி எழுந்தது. மற்றொன்று கதரையும் ராட்டையையும் நம்பி எழுந்தது. ஆடம்பரம் ஆகாது என்பதில் மட்டும் இரண்டுக்கும் பேதமில்லை. அப்புறம் என்ன நேர்ந்தது என்பது நாம் அறிந்த கதை. காங்கிரஸ்காரர் வீட்டுக் கல்யாணமும் மாறிற்று, சுயமரியாதைக்காரர் வீட்டுக் கல்யாணமும் மாறிற்று. வைதிகம் போன இடத்தில் வாழ்த்துரை வழங்குவோர் வந்தார்கள், அவர்களுக்காக ஒலிபெருக்கியும் அலங்கார வளைவும் வந்தன. 1963ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் சாவி எழுதிய ‘வாஷிங்டனில் திருமணம்’ தமிழர்களை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்ததற்குக் காரணம், அந்த அமெரிக்கப் பெருஞ்செல்வச் சீமாட்டியின் ஆர்ப்பாட்டத்தில் நம் வீட்டு அத்தைமார்களின் ஆர்ப்பாட்டத்தை நாம் அடையாளம் கண்டுகொண்டதுதான்.

போகட்டும். காரியத்துக்கு வருவோம்.

முதலில் கழிக்க வேண்டியது முந்தைய நாள் மாலை வரவேற்பு. தாலி கட்டுவதற்கு முன்பே, தம்பதிகளாகாத இருவரைத் தம்பதிகளாக மேடையில் நிறுத்தி, மூன்று மணி நேரம் வரிசையில் வருகிறவர்களோடெல்லாம் படம் எடுத்துக்கொள்ளச் செய்து, காலும் முகமும் ஓய்ந்துபோன பிறகு நள்ளிரவில் தூங்க அனுப்பி, விடியற்காலையில் எழுப்பி மணையில் உட்காரவைக்கிற இந்த விசித்திரமான வழக்கத்துக்குச் சாஸ்திரத்திலும் இடமில்லை, பகுத்தறிவிலும் இடமில்லை. அன்றியும் இதில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது. மாலையில் வந்து சாப்பிட்டு மொய் எழுதிவிட்டுப் போன சிநேகிதர்கள் மறுநாள் காலையில் வருவதில்லை. தாலி ஏறுகிற வேளையில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. வரவேற்பை நிறுத்திவிட்டால் ஒரு வேளைச் சாப்பாடும், ஓர் இரவின் மின்சாரமும், இரண்டாவது ஒரு புடவையும் கோட்டும், இரண்டாவது ஓர் அலங்காரமும் மிச்சமாகின்றன. முகூர்த்தத்தை எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது அதற்கு மேற்பட்ட லாபம்.

அடுத்தது வேளை. கொங்கு நாட்டில் விடியற்காலை 4.30 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் முகூர்த்தம் வைப்பது இன்றும் சர்வ சாதாரணம். மற்றப் பிரதேசத்தார் இதைச் சிரமம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. அந்த வேளையில் உஷ்ணமில்லை, ஆகவே குளிர்சாதனம் வேண்டியதில்லை. இரவு தொடுத்த பூ வாடியிருக்காது. மணமக்களின் முகத்தில் வேர்வை இல்லை. கிழக்கு வெளுக்கிற நேரத்து வெளிச்சம் எந்த மின்விளக்காலும் கிடைக்காதது என்பதைப் படம் எடுப்பவர்களே ஒப்புக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காலைப் பலகாரமே கல்யாண விருந்தாகிவிடுகிறது. உத்தியோகத்துக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நெருங்கிய பந்துக்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

நாள் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பஞ்சாங்கத்தில் வளர்பிறை முகூர்த்தம், தேய்பிறை முகூர்த்தம் என்று இரண்டும் போட்டிருக்கும், இரண்டும் சுபமுகூர்த்தந்தான். ஆனால் எல்லோரும் வளர்பிறையையே நாடுவதாலும், அதிலும் ஞாயிற்றுக்கிழமையாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதாலும், அந்த நாட்களில் மண்டபம், சமையற்காரர், மேளம், பூ, வாடகைக் கார் ஆகிய அனைத்தும் கேட்ட விலைக்குத்தான் கிடைக்கும். தேய்பிறையில் வருகிற ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ அகப்பட்டால் பேரம் பேசுகிற உரிமை நம் பக்கம் வந்துவிடுகிறது.

மண்டபத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட இடமுள்ளவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களுக்கு நகராட்சி, மாநகராட்சிச் சமுதாய நலக்கூடங்கள் இருக்கின்றன, கோயில்கள் இருக்கின்றன. வடபழனி, திருத்தணி, திருச்செந்தூர், முருகப்பெருமானே தெய்வயானையை மணந்த திருப்பரங்குன்றம், கும்பகோணத்தை அடுத்த உப்பிலியப்பன் சந்நிதி முதலிய தலங்களில் முகூர்த்த நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாக விவாகங்கள் நடந்துகொண்டேயிருக்கும். வறிய குடும்பத்து ஜோடிகளுக்கு இந்து சமய அறநிலையத்துறையே திருமாங்கல்யமும் சீர்வரிசையும் கொடுத்துக் கோயில்களில் இலவசமாகக் கல்யாணம் செய்துவைக்கிறது. தனியார் மண்டபந்தான் என்று தீர்மானித்தால், வாடகையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது. மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, துப்புரவுக் கூலி, காஸ், பாத்திர வாடகை, குளிர்சாதனத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகை குறைவு என்று நம்பிப் போய், இந்த உப செலவுகளில் வாடகைக்குச் சமமான தொகையைக் கொடுத்துவிட்டு வந்தவர்களை நான் அறிவேன்.

இனிச் சாப்பாடு. கல்யாணச் செலவில் பொன்னுக்கு அடுத்த ஸ்தானம் இதற்குத்தான். ஆகவே இங்கே சற்று நின்று நிதானமாகக் கணக்குப் பார்ப்போம். ஒரு நடுத்தரக் குடும்பத்தார் முந்தைய மாலை 500 பேர், காலைப் பலகாரத்துக்கு 300 பேர், மத்தியானம் 500 பேர் என்று ஏற்பாடு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,300 இலை. இலை ஒன்றுக்குச் சராசரி 200 ரூபாய் என்று கொண்டால் 2,60,000 ரூபாய். அதே குடும்பத்தார் விடியற்காலை முகூர்த்தம் வைத்து, காலையில் 250 பேருக்கும் மத்தியானத்தில் நெருங்கிய உறவினர் 100 பேருக்கும் இலை போட்டால் 350 இலை. இலைக்கு 200 ரூபாய்க்குப் பதிலாக 300 ரூபாயே கொடுத்து, அசல் நெய்யும் முதல்தரமான முந்திரியும் போடச் சொன்னாலும் 1,05,000 ரூபாய்தான் ஆகிறது. சாப்பாடு உயர்ந்துவிட்டது, ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் மிச்சமும் ஆகிவிட்டது. எண்ணிக்கையைக் குறைத்துத் தரத்தை உயர்த்தலாம் என்று நான் மேலே சொன்னதன் பொருள் இதுவே.

சாப்பாட்டின் ஜாபிதாவிலும் நமக்குச் சில தப்பெண்ணங்கள் உண்டு. இருபத்தைந்து பதார்த்தம் போட்டால் கௌரவம் என்கிறார்கள். மனித வயிற்றின் அளவு மாறாதிருக்க, பதார்த்தங்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போவதால், மூன்று விதமான ரொட்டியும் இரண்டு விதமான நூடுல்ஸும் தலைவாழை இலையோடு மடிக்கப்பட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. நம்முடைய பழைய கல்யாணச் சமையல் சிக்கனத்தையும் ருசியையும் ஒருங்கே அறிந்த கலை. பூசணிக்காய் அதில் ராஜ ஸ்தானம் வகித்ததற்குக் காரணம் இருக்கிறது: விலை குறைவு, ஒரு காயில் பல பேருக்கு ஆகும், கெடாமல் கிடக்கும், சாம்பாருக்கும் கூட்டுக்கும் மோர்க்குழம்புக்கும் இசையும், சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் அதுவே காசி அல்வாவாகி விலையுயர்ந்த வடநாட்டு இனிப்புக்களையெல்லாம் தோற்கடிக்கும். சேனையும் வாழைக்காயும் அவ்வாறே. திருநெல்வேலிச் சைவக் குடும்பங்களில் மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய்ப்பால் சொதி வைத்து இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுவார்கள். அதைச் சாப்பிட்டவர்கள் அதற்குப் பக்கத்தில் வேறு என்னென்ன இருந்தன என்று கேட்பதில்லை. சாதம், சாம்பார், ரசம், மோர், ஒரு கூட்டு, ஒரு பொரியல், அவியல், பச்சடி, வடை, அப்பளம், ஊறுகாய், பாயசம், ஓர் இனிப்பு என்று பதின்மூன்றோடு நிறுத்தி, ரசத்தைச் சுடச் சுட ஊற்றிவிட்டால், ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

சமையலை ஒப்படைப்பதில் இரண்டு விதம். இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுவது ஒன்று. மளிகையும் காய்கறியும் நாமே வாங்கிக் கொடுத்துச் சமையற்காரருக்குக் கூலி பேசுவது மற்றொன்று. பின்னது நிச்சயமாக மலிவு. ஆனால் ஒரு நிபந்தனை. சாமான் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எவ்வளவு கேட்டாலும் ‘எதற்கு?’ என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கக்கூடிய ஒரு பெரியப்பாவோ சித்தியோ அந்தக் குடும்பத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் இலைக் கணக்கே மேல். அங்கும் எத்தனை இலைக்குக் குறைந்தபட்ச உத்தரவாதம் என்பதைத் தாழ்த்தியே சொல்ல வேண்டும்; அதிகமாக ஐம்பது பேர் வந்துவிட்டால் சாதம் வடித்துக்கொள்ளலாம், வராதவர்களுக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது.

காசே செலவில்லாத ஓர் அலங்காரமும் விருந்தில் இருக்கிறது. அது பந்தி விசாரிப்பது. பெண்ணின் தகப்பனாரும் தாய்மாமனும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் இலைக்கும் எதிரே குனிந்து, ‘இன்னும் கொஞ்சம் பாயசம் போடச் சொல்லட்டுமா அத்தை?’ என்று கேட்டுக்கொண்டு போகிற காட்சியைக் கூலிக்கு அமர்த்திய சீருடைப் பரிமாறுவோர் ஒருபோதும் ஈடுசெய்ய முடியாது. நின்றுகொண்டே தட்டை ஏந்திச் சாப்பிடுகிற விருந்தில் இதற்கு இடமே இல்லை என்பதால், அந்த முறையை நான் மனப்பூர்வமாக வெறுக்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மிச்சம் பிடித்த பணத்தில் முதல் பங்கு மேளத்துக்குப் போகவேண்டும். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்து, தாளம். இவ்வளவுதான் ஒரு செட்டு. ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற சங்கீதம் உலகத்திலேயே குறைவு. ஊஞ்சல் வேளையில் ஆனந்தபைரவி எழும்புகிறபோது வாசற்புறத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவன்கூட நிமிர்ந்து பார்க்கிறான். மாவட்டங்களில் அரசாங்கமே நடத்துகிற இசைப் பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் பயின்று வெளிவருகிற இளைஞர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பிரபல வித்துவானை அமர்த்த வசதியில்லாதவர்கள் இவர்களை அமர்த்தலாம். கும்பகோணத்துக்கருகே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கும் நாகஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். வாத்தியத்துக்குக் குறியீடு கொடுத்துவிட்டு, வாசிப்பவருக்குப் பதிலாகப் பாட்டுப் பெட்டியை வைப்பது அழகாக இல்லை.

பூவின் விஷயத்தில் பருவம் அறிந்து நடந்தால் பாதிச் செலவு. மல்லிகை வெயிலுக்குப் பூக்கிற கொடி. பங்குனியிலிருந்து ஆனி வரையில் வண்டி வண்டியாக வந்து குவியும். மார்கழி, தை மாதங்களின் பனியில் அது கண் திறப்பதில்லை. அப்பொழுதுதான் தை முகூர்த்தங்கள் வந்து நெருக்குகின்றன, விலையும் வானத்தைத் தொடுகிறது. தையில் கல்யாணம் வைப்பவர்கள், மணமகளின் கூந்தலுக்கு மட்டும் மல்லிகையை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குச் செவ்வந்தியையும் சம்பங்கியையும் மரிக்கொழுந்தையும் நம்பலாம். மேடைக்குப் பின்னால் வெளிநாட்டுப் பூக்களையும் பிளாஸ்டிக் பூக்களையும் கலந்து சுவர் எழுப்புவதற்கு ஆகிற செலவில், வாசலில் குலை தள்ளிய வாழைகள் இரண்டும், குருத்தோலைத் தோரணமும், மாவிலையும், தாழ்வாரம் முழுவதும் அரிசி மாவுக் கோலமும் போட்டு, மேலும் ஒரு ஜோடி நல்ல மாலையும் வாங்கலாம். கோலம் போடத் தெரிந்த அத்தைகளும் அக்காமார்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். முந்தின நாள் மாலை, வரவேற்பை நிறுத்திய அந்த ஓய்ந்த வேளையில், அவர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டே போடுவதுதான் அந்தக் கல்யாணத்தின் உண்மையான முதல் விசேஷம்.

பட்டுப் புடவையின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பட்டு அன்று, ஜரிகை. வெள்ளி இழையில் பொன் முலாம் ஏற்றிய அசல் ஜரிகை எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு விலை, கனமும் அப்படியே. உடல் முழுவதும் ஜரிகை பாவிய புடவையைக் கட்டிக்கொண்டு ஹோமப் புகையில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணின் அவஸ்தை சொல்லி முடியாது. அன்றைக்குப் பிறகு அந்தப் புடவை பெட்டியைவிட்டு வெளியே வருவதுமில்லை. சுத்தமான பட்டில், அளவான கரையோடு, அரக்கு நிறத்திலோ மாம்பழ நிறத்திலோ ஒரு புடவையை ஆரணியிலோ, விசிறி மடிப்புக்குப் பேர்போன திருபுவனத்திலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினால் அது வாழ்நாளெல்லாம் உடுத்துக்கொள்ள உதவும். முற்காலத்தில் மயிலாடுதுறையைச் சேர்ந்த கூறைநாட்டில் பருத்தியும் பட்டும் கலந்து கட்டம் போட்டு நெய்த புடவையே தாலி கட்டும் வேளைக்கு உரியதாக இருந்தது. பணக்காரர் வீட்டுப் பெண்ணுக்கும் அதுதான், மற்றவர் வீட்டுப் பெண்ணுக்கும் அதுதான்.

பொன்னைப் பற்றி எழுதுவது வீண் வேலை என்று சிநேகிதர் ஒருவர் எச்சரித்தார். 1963ஆம் ஆண்டில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்யலாகாது என்றே உத்தரவு போட்டுப் பார்த்தார். நம் தாய்மார்களின் மனம் இம்மியும் அசையவில்லை, கட்டுப்பாடுதான் கடைசியில் 1990இல் கைவிடப்பட்டது. ஆகவே வேண்டாம் என்று சொல்வதை விட்டு, வாங்குகிறபோது எதைக் கவனிப்பது என்று சொல்கிறேன். விலை ஏறுவது கிராமில் மட்டும் அன்று; சேதாரத்திலும் செய்கூலியிலும் ஏறுகிறது. நுணுக்க வேலைப்பாடு மிகுந்த நகைக்குச் சேதாரம் கூடுதல், சாதாரணச் சங்கிலிக்கும் வளையலுக்கும் குறைவு. சேதாரத்தில் பேரம் உண்டு. கல் பதித்த நகையில் கல்லின் எடையைக் கழித்துத்தான் பொன்னுக்கு விலை போடவேண்டும். 916 என்ற முத்திரையோடு, எழுத்தும் எண்ணுமாக ஆறு இடம் கொண்ட அடையாளக் குறியும் நகையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கழுத்து நிறைய நகை இருந்தால்தான் மணப்பெண் லட்சணமாக இருப்பாள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி: நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் சிவப்புக் கற்கள் பதித்து, பொன் முலாம் பூசிச் செய்கிற கோயில் நகைகள், பரதநாட்டியத்துக்கு அணிவார்களே, அவை நாள் வாடகைக்கே கிடைக்கின்றன. தாலிக்குப் பொன், மற்றதற்கெல்லாம் முலாம் என்று வைத்துக்கொண்டால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. அரசாங்கமே இந்த விஷயத்தில் தன் மனத்தை மாற்றிக்கொண்டதைக் கவனியுங்கள். 1989இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் பின்னாளில் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்தது. 2022இல் அது, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற திட்டமாக மாறிற்று.

பத்திரிகையை நெருங்கிய உறவினருக்கு மட்டும் அச்சிட்டு, மஞ்சள் தடவி, நேரில் போய்க் கொடுத்தால் போதும்; மற்றவர்களுக்குச் செல்போன் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே கடற்கரைக்கும் மலைக்கும் போய் எடுக்கிற படங்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. செலவுக்குப் பணம் இல்லை என்பவர்களுக்கு அது வேண்டியதில்லை என்பதைத் தவிர.

மொய்யைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வருகிற மொய்யை நம்பி வரவு செலவு போடுகிற வழக்கம் பல ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்தி மூலதனம் திரட்டுகிறார்கள். கஷ்ட காலத்தில் வட்டியில்லாமல் கைகொடுக்கிற அந்த ஏற்பாட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நோட்டில் எழுதி வாங்கியது அத்தனையும் திருப்பிச் செய்யவேண்டிய கடனே. அதை வருமானமாக நினைத்து மேளத்துக்குப் பதில் வாணவேடிக்கை ஏற்பாடு செய்தவர்கள், அடுத்த பத்து வருஷம் மற்றவர் வீட்டுப் பந்திகளில் அதை அடைத்துக்கொண்டிருப்பார்கள். கந்து வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த வட்டிக்குக் கடன் வாங்கிக் கல்யாணம் செய்வது மட்டும் இன்னும் நின்றபாடில்லை.

மற்ற மதத்தாரிடம் நாம் கற்றுக்கொள்ளக் கூடியதும் உண்டு. பள்ளிவாசலில் ஜமாஅத்தார் முன்னிலையில் நடக்கும் நிக்காஹ், பேரீச்சம்பழம் வழங்குவதோடு முடிந்துவிடக்கூடியது. மாதாகோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து, பூசையோடு நடக்கும் மந்திரிப்புக்கும் பெருஞ்செலவு இல்லை. செலவெல்லாம் பிறகு மண்டபத்தில் ஆவதுதான். சட்டத்தின் கண்ணுக்கோ இன்னும் குறைவாகவே போதும். 1967ஆம் ஆண்டில் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறி 1968 ஜனவரியில் அமலுக்கு வந்த இந்துத் திருமணச் சட்டத் திருத்தத்தின்படி, உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ அது பூரணமான விவாகம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் போதும். எந்த முறையில் நடந்தாலும், 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பூமாலையில் இருக்கிற சிரத்தை அந்தப் பத்திரத்திலும் இருக்கட்டும்.

கடைசியாக, மேலே சொன்ன யோசனைகளில் ஒன்றைக்கூடப் பெண்ணைப் பெற்றவரால் தாமாக வாய்திறந்து சொல்ல முடியாது. அவர் வரவேற்பு வேண்டாம் என்றால் கருமி என்பார்கள். 250 பேர் போதும் என்றால் சம்பந்தியை அவமதித்தார் என்பார்கள். வரதட்சணையைக் கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டிலிருந்து குற்றம். ஆனால் ‘எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், கல்யாணத்தை மட்டும் சிறப்பாகச் செய்துவிடுங்கள்’ என்று மாப்பிள்ளை வீட்டார் புன்னகையோடு சொல்கிற அந்த ஒரு வாக்கியம் எந்தச் சட்டத்தின் கையிலும் எளிதில் அகப்படுவதில்லை, பெண் வீட்டாரின் நிலமும் நகையும் கைமாறுவது பெரும்பாலும் அந்த வாக்கியத்தினால்தான். ஆகவே இந்த ஆவணியிலும் தையிலும் பிள்ளைக்குக் கல்யாணம் பேசப் போகிறவர்களுக்கும், அந்தப் பிள்ளைகளுக்கும் என்னுடைய வேண்டுகோள் இது: நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொள்வதற்கு முன்னால், விடியற்காலை முகூர்த்தம், ஒரே நாள், செலவில் பாதி எங்களுடையது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.